திடீரென்று படுத்துவிட்டால்: குமரி எல்லையோர ஊர்களில் நோயாளியுடன் நிற்பவருக்கு முழுமையான வழிகாட்டி

"நோவு எத்தனை மணிக்குத் தொடங்கியது?"

ஸ்ட்ரெச்சர் காஷுவாலிட்டி என்ற அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலைத் தாண்டியதும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் எட்டு ஆண்டு, இந்தப் பக்கம் பதினான்கு ஆண்டு செவிலியராக வேலை பார்த்தேன். இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொன்ன குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "இரவிலேயே லேசாக இருந்தது, சிஸ்டர்" என்பார் மகன். "இல்லை, காலையில் குளித்த பிறகுதான்" என்பார் மருமகள். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்பதைப் பெரும்பாலும் அந்த மணிக்கணக்குதான் முடிவு செய்கிறது.

இதை மருத்துவர்களுக்காக எழுதவில்லை. கேரளத்தில் 'பைஸ்டாண்டர்' என்றும் நம் பக்கம் 'அட்டெண்டர்' என்றும் அழைக்கப்படுகிற, கட்டில் அருகே தூங்காமல் நிற்கும் அந்த ஒருவருக்காக எழுதுகிறேன்.

படி 1: நல்ல நாளிலேயே செய்து வைக்க வேண்டியது

கொல்லங்கோடு, பளுகல், அருமனை, களியக்காவிளை என்று மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு திசை உண்டு. கிழக்கே குழித்துறை, தக்கலை அரசு மருத்துவமனைகளும் நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியும். மேற்கே பாறசாலை, நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைகள், 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், இதயத்துக்கும் மூளைக்கும் பெயர்பெற்ற ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம். இத்தனை இருப்பதே அவசர நேரத்தில் குழப்பமாகிவிடுகிறது. முற்றத்தில் வண்டி நிற்க, "அங்கே போகலாமா, இங்கே போகலாமா" என்று உறவினர்கள் விவாதித்து இருபது நிமிடத்தைக் கரைப்பார்கள்.

அந்த விவாதத்தை இன்றே முடித்துவிடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், அரசோ தனியாரோ, நான்கு கேள்வி கேளுங்கள். இரவிலும் ஈ.சி.ஜி. எடுப்பார்களா? மாரடைப்புக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி கையிருப்பில் உண்டா? நள்ளிரவில் சி.டி. ஸ்கேன் எடுக்க ஆள் இருக்கிறதா? பாம்புக்கடிக்கு நச்சுமுறிவு மருந்து இருக்கிறதா? பதில்களை ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

இன்னொரு தாளில் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன நோய், என்ன மாத்திரை, எந்த மருந்து ஒவ்வாது, என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்று எழுதுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை முதல் வரியில் எழுத வேண்டும். மாத்திரை அட்டைகளைச் செல்பேசியில் படம் பிடித்து வைத்தாலும் போதும்.

படி 2: வீட்டில் முதல் பத்து நிமிடம்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மணியை எழுதுங்கள். கையில் தாள் இல்லாவிட்டால் உள்ளங்கையில் எழுதினாலும் சரி.

பக்கவாதத்தில் இன்னொரு மணியும் வேண்டும்: கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரம். காலை ஆறு மணிக்கு எழும்போதே வாய் கோணியிருந்தால் நோய் தொடங்கிய நேரம் ஆறு மணி ஆகாது. இரவு பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் கணக்கு பத்திலிருந்துதான். நடுவில் இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டுத் தெளிவாகப் பேசியிருந்தால் கணக்கு இரண்டிலிருந்து. அந்த நான்கு மணி நேர வித்தியாசம் ஒருவருடைய கையையும் காலையும் மீட்டுத் தரக்கூடும்.

நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்ததுபோன்ற பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, திடீர் மூச்சுத் திணறல், முகக் கோணல், ஒரு பக்கக் கை தளர்வு, பேச்சுக் குழறல், நினைவு தப்புதல், நிற்காத வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் வரலாம். மேல்வயிற்று எரிச்சல், வாந்தி, வியர்வை, சோர்வு என்று வரும். 'வாயு' என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்த வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. ஈ.சி.ஜி. எடுக்காமல் வாயு என்று முடிவு கட்டும் உரிமை யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். பக்கவாதம் என்று தோன்றினால் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா இரத்தக் கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். சர்க்கரை நோயாளி உளறினால், வீட்டில் கருவி இருக்குமானால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் தெளிவும் இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். தாழ்ந்த சர்க்கரை பக்கவாதம் போலவே வேஷம் போடும். ஆள் சுருண்டு விழுந்து மூச்சும் இல்லையென்றால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

படி 3: எந்தப் பக்கம் போவது

என் பெரியப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். ஒரு நாள் விடிகாலை நான்கரைக்கு ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பெரிய இடத்துக்கே போய்விடலாம்" என்று திருவனந்தபுரத்துக்குக் காரில் கிளம்பினார்கள். வழியில் இரண்டு மருத்துவமனைகளைத் தாண்டினார்கள். நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் காலை நெரிசல். முதல் ஈ.சி.ஜி. எடுக்கும்போது மணி எட்டேகால். நான் இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே சொன்னார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் தசை பாதி வலுவிழந்தது. அதன் பிறகு அவர் கத்தியை எடுக்கவில்லை.

இதயத்தை மீட்கும் சிகிச்சை எங்கே முதலில் தொடங்க முடியுமோ அங்கேதான் போக வேண்டும். அடைபட்ட இதயக் குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடத்தை இரண்டு மணி நேரத்துக்குள் எட்டி, அங்கே அடைப்பும் திறக்கப்பட்டுவிடும் என்றால் நேரே போகலாம். முடியாதென்றால் பக்கத்து மருத்துவமனையில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு பிறகு போவதுதான் முறை. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டர்வாஸ்டாடின் ஆகிய மூன்றின் முதல் அளவையும் கொடுத்து அனுப்புகிறார்கள். சின்ன இடம் என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பக்கவாதம் மட்டும் விதிவிலக்கு. சி.டி. இல்லாத இடத்தில் இறங்கினால் நேரம் வீண். ஸ்கேன் இருக்கும் மிக அருகிலுள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். சிறப்பு நிறுவனம் என்றால் படுக்கை உண்டா என்று வழியிலிருந்தே தொலைபேசியில் கேளுங்கள்.

படி 4: 108

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. கேரளத்தில் அதே எண்தான், பெயர் 'கனிவு'. எல்லையோரத்தில் உங்கள் செல்பேசி கேரளக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் மலையாளத்தில் பேசுவார்கள். பயந்து துண்டித்துவிடாதீர்கள். ஊர், தாலுகா, மாவட்டம் மூன்றையும் நிதானமாகச் சொல்லுங்கள். பெரிய ஆலமரம், குருசடி, பெட்ரோல் பம்பு என்று ஏதாவது அடையாளம் சொல்லுங்கள். விளைக்குள் இருக்கும் வீடு என்றால் ஒருவர் டார்ச்சுடன் சாலைக்குப் போய் நிற்க வேண்டும். நோயாளியை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

படி 5: காஷுவாலிட்டியில்

உள்ளே நுழைந்ததும் நோயாளிகளை மூன்றாகப் பிரிப்பார்கள். சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் விரைவில், பச்சை என்றால் காத்திருக்கலாம். உங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் பார்க்கிறார்களே என்று கோபப்படாதீர்கள். ஆனால் காத்திருக்கும்போது மூச்சு மாறினாலோ, பேச்சு குழறினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ எழுந்து போய் உரக்கச் சொல்லுங்கள். நெஞ்சு வலிக்காரருக்கு வந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் கேளுங்கள். நீங்கள் கேட்பது தொந்தரவு ஆகாது.

ஒருவர் மட்டும் பேசுங்கள். வயது, என்ன தொல்லை, எத்தனை மணிக்கு, என்ன நோய் ஏற்கெனவே உண்டு, என்ன மருந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டார். அரை நிமிடத்தில் முடிகிற செய்தி.

எல்லையைத் தாண்டிப் போனால் மொழியில் கவனம் வேண்டும். குமரிக்காரர்களுக்கு மலையாளம் தெரியும் என்ற துணிச்சலில்தான் பிழை நேர்கிறது. "மயக்கம் வந்தது" என்று நாம் சொன்னால் நினைவு தப்பியது, தலை கிறுகிறுத்தது என்று பொருள். மலையாளத்தில் மயக்கம் என்பது தூக்கக் கலக்கம். நினைவு தப்பியதை "போதம் போயி" என்று சொல்ல வேண்டும். நம் 'வலி' அங்கே 'வேதனை'. அங்கே 'வலிவு' என்றால் மூச்சு இளைப்பு. 'வலிப்பு' என்று நாம் சொல்லும் நோய்க்கு அவர்கள் சொல்வது 'அபஸ்மாரம்'. வலிப்பு வந்தது என்று ஒரு தாய் அழுதுகொண்டே சொல்ல, புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இளைப்பைத் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் அங்கே 'பனி', எலிக்காய்ச்சல் 'எலிப்பனி'. சொல் நினைவுக்கு வராவிட்டால் நடந்ததை விவரியுங்கள்: கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது, இரண்டு நிமிடம், வாயில் நுரை. அது எந்த மொழியிலும் தப்பாகப் புரியாது.

விபத்துக்காரரைக் கொண்டுவந்தால் போலீஸ் வரும்வரை தொடமாட்டோம் என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறைகள் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்தென்றால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

படி 6: உள்ளே என்ன நடக்கிறது

மாரடைப்பில் ஈ.சி.ஜி.யுடன் ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். முதல் பரிசோதனை 'இல்லை' என்று வந்தாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பார்கள். பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைத்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். ட்ரோபோனின் இரத்தத்தில் ஏறவே நேரம் எடுக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசி, அது ஸ்ட்ரெப்டோகைனேஸோ டெனெக்டிபிளேஸோ, வலி தொடங்கி 12 மணி நேரம் வரை போடலாம். ஆனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிடைக்கும் பலன் பிறகு கிடைக்காது. ஊசிக்கு முன் சமீபத்திய அறுவை சிகிச்சை, தலையில் அடி, குடல் புண்ணில் இரத்தம், பழைய பக்கவாதம் உண்டா என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள்.

பக்கவாதத்தில் முதல் வேலை சி.டி. அடைப்பு என்று உறுதியானால் 4.5 மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். பெரிய இரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் குழாய் வழியாகக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை உண்டு. அது பொதுவாக 6 மணி நேரத்துக்குள், தகுதியான சிலருக்கு 24 மணி நேரம் வரை. இரத்த அழுத்தம் 180 இருக்கிறதே, ஏன் குறைக்கவில்லை என்று பதறாதீர்கள். அடைப்பால் வந்த பக்கவாதத்தில் அதைச் சட்டென்று குறைத்தால் மூளைக்குப் போகிற கொஞ்சம் இரத்தமும் நின்றுவிடும். விழுங்கும் திறனைச் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை ஒரு சொட்டுக் கஞ்சிகூட வேண்டாம். ஆசையாக ஒரு கரண்டி ஊட்டப்போய் நிமோனியாவில் முடிந்ததை ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

பாம்புக்கடி நம் விளைகளின் நோய். இருட்டில் தலைவிளக்கோடு பால் வெட்டுபவர்களுக்குத்தான் அதிகம். இந்தப் பக்கம் கண்ணாடி விரியன், அந்தப் பக்கம் அணலி. இங்கே கட்டுவிரியன், அங்கே வெள்ளிக்கெட்டன். இங்கே நல்ல பாம்பு, அங்கே மூர்க்கன். இரு பெயரையும் தெரிந்து வையுங்கள். ஆனால் பாம்பை அடித்துத் தூக்கிவர வேண்டாம், அதற்குள் இரண்டாவது ஆள் கடிபடுவார். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கால் அசையாமல் கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள். மருத்துவமனையில் 2 மில்லி இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லையென்றால் விஷம் இரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று பொருள். முதல் தவணையாக நச்சுமுறிவு மருந்து பொதுவாக 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்து ஏறும்போது அரிப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது. தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்று வலியோடு எழுந்து, இமை தொங்கி, விழுங்க முடியாமல் தவித்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் பாம்பை நினையுங்கள். மலையோரத்தில் இருக்கும் கூன்மூக்கு விரியனுக்கு நம்மிடம் உள்ள நச்சுமுறிவு மருந்து வேலை செய்யாது. அதனால்தான் சிலருக்கு ஊசி போடாமல் சிறுநீரகத்தையும் இரத்தத்தையும் கவனித்தே வைத்திருப்பார்கள்.

மழைக்காலக் காய்ச்சலில் கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் மூன்றும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். வயலிலும் ஓடையிலும் வேலை செய்தார் என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். கிருமி இரத்தத்தில் பரவி இரத்த அழுத்தம் விழுந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி தொடங்க வேண்டும்.

படி 7: வேறு இடத்துக்கு அனுப்பும்போது

ரெஃபர் கடிதம் இல்லாமல் புறப்படாதீர்கள். அதில் என்ன மருந்து, எத்தனை மணிக்கு, என்ன அளவு என்று எழுதியிருக்க வேண்டும். ஈ.சி.ஜி. தாள், ஸ்கேன் படம், இரத்த முடிவுகள் கையில் இருக்கட்டும். நச்சுமுறிவு மருந்து எத்தனை குப்பி ஏற்றினார்கள் என்பது எழுதப்படாமல், அடுத்த இடத்தில் முதலிலிருந்து தொடங்கிய நோயாளியை நான் பார்த்திருக்கிறேன். போகும் இடத்துக்குப் பேசிவிட்டார்களா, ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் கூட வர ஆளும் உண்டா என்று கேளுங்கள்.

படி 8: ஐ.சி.யூ. வாசலில்

இங்கேதான் குடும்பங்கள் உடைந்துபோகின்றன. கதவு மூடியிருக்கும், உள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நெஞ்சு பதறும். மருத்துவரிடம் நாளுக்கு ஒரு முறை, முடிந்தவரை ஒரே நேரத்தில், ஒரே ஆள் பேசுங்கள். மூன்று கேள்வி போதும். நேற்றைவிட இன்று எப்படி? சிறுநீர் எவ்வளவு போனது? அடுத்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன, அஞ்சுவது என்ன? 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் போக வேண்டும். மானிட்டரில் ஓடும் எண்களைவிட அந்தப் பையைப் பார்த்தால் பல நேரம் நிலைமை புரியும்.

வயதானவர்களுக்கு ஐ.சி.யூ.வில் இரவு நேரத்தில் புத்தி தடுமாறும். குழாயைப் பிடுங்குவார்கள், செத்துப்போன தம்பியைக் கூப்பிடுவார்கள். பைத்தியம் பிடித்துவிட்டதென்று அழாதீர்கள், பெரும்பாலும் அது நோய் தணியும்போது தெளியும். சுற்றிலும் மலையாளம் மட்டுமே கேட்கும் வார்டில் நம் பாட்டாவுக்கும் அம்மச்சிக்கும் இது இன்னும் கடினம். உள்ளே விடும் ஐந்து நிமிடத்தில் கண்ணாடியை மாட்டிவிடுங்கள், காது கருவியை வையுங்கள். இன்று என்ன கிழமை, எந்த ஊர், யார் வந்திருக்கிறோம் என்று வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். தொடும் முன்பும் பின்பும் கையைக் கழுவுங்கள்.

படி 9: பணமும் அட்டையும்

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சேர்த்த அன்றே காப்பீட்டு மேசைக்குப் போய் முன் அனுமதி கேளுங்கள், டிஸ்சார்ஜ் நாளில் தேட வேண்டாம். கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் அந்த மாநிலத்தவருக்கானது. எல்லை தாண்டினால் நம் அட்டை அந்த மருத்துவமனையில், அந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 10: வீட்டுக்கு வரும்போது

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியவுடன் மடித்துப் பையில் வைக்காமல், சிஸ்டரை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த மாத்திரை எத்தனை நாள், எதை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது, எந்த அறிகுறி வந்தால் அன்றே திரும்ப வர வேண்டும். இதயக் குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர் இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் அந்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும். சிகிச்சைப் பதிவுகளின் நகல் வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

எல்லையோர வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் எழுதிய மாத்திரை ஒரு கம்பெனிப் பெயரில் இருக்கும். அதே மருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு பெயரில் கிடைக்கும். இரண்டையும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்குவார்கள். சர்க்கரை மாத்திரையில் இது நடந்தால் நள்ளிரவில் சர்க்கரை விழுந்து மீண்டும் காஷுவாலிட்டிதான். அதனால் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பழையது புதியது எல்லாவற்றையும், ஒரே துணிப்பையில் போட்டு முதல் வாரத்திலேயே சுகாதார நிலைய மருத்துவரிடம் கொட்டிக் காட்டுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பையையே அவர் முன்னால் வையுங்கள். வேண்டாததை அவர்கள் பிரித்தெடுத்த பிறகு, அன்று இரவு கொடுக்க வேண்டிய மாத்திரையை எடுத்து வையுங்கள்.